பத்து நிமிஷக் கடை

அத்தியாயம் 6

கிருபாவதி நர்சம்மா தன் அறுபத்தோரு வயசில் ஒரே ஒரு தடவைதான் இரும்பு வியாபாரம் செய்திருக்கிறார். கால் உடைந்த கட்டிலைத் தள்ளுவண்டிக்காரனிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினார். அதிலும் ஒரு பக்கெட் ஓட்டை.

அரசாங்கம் வேறு மாதிரி சொன்னது. சித்தூரில் நர்ஸ் பென்ஷன் வாங்கிக்கொண்டு சர்ச் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருக்கும் அதே கிருபாவதி, திருப்பதியில் "கிருபா டிரேடர்ஸ்" என்ற பெயரில் போன வருஷம் இரண்டு கோடி ரூபாய்க்குப் பழைய இரும்பு விற்றிருக்கிறார். அதற்கு ஜி.எஸ்.டி. முப்பத்தாறு லட்சம் கட்டவில்லை.

"மூணாவது நோட்டீஸு அம்மா இது" என்றார் திருப்பதி வரி அலுவலகத்தில் நாகபூஷணம். கண்டிப்பான அதிகாரி, தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு. "முதல் ரெண்டும் ஈமெயில்ல போயிந்தி."

"அவங்களுக்கு ஈமெயிலே கிடையாது சார்" என்றாள் ஹன்னா.

"ரெஜிஸ்ட்ரேஷன்ல உந்தி கதா, ஒரு ஈமெயில் இருக்குதே! பேங்க் அக்கவுண்ட்ட நிறுத்தியாச்சு. ரேப்பு, நாளைக்கு காலைல பதினோரு மணிக்குள்ள, யாரு செஞ்சதுன்னு ஆதாரத்தோட பதில் வரணும். லேதண்ட்டே, இல்லேன்னா, அடுத்தது வீடு."

ஹன்னாவுக்கு நாற்பத்திரண்டு வயசு. ஆடிட்டர் ஆபீஸில் பதினைந்து வருஷம் மற்றவர்களின் திருட்டுத்தனத்தைக் கூட்டிக் கழித்து அலுத்துப்போய், சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். பக்கத்து நாற்காலியில் அவள் உதவியாளர் மணிவேல். நகரியில் ஆறு பவர்லூம் ஓட்டிய மனிதர். தறிகளை விற்றாலும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வாயை விற்கவில்லை.

"சார், எங்க நகரில லுங்கி வாங்க வர்றவன் வெலைய அப்புறம்தான் கேப்பான். ஜி.எஸ்.டி.யோடவா, இல்லாமயான்னுதான் மொதல்ல கேப்பான். ஆனா லுங்கியே இல்லாம ஜி.எஸ்.டி. மட்டும் இருக்கிற கடைய இப்பதான் கேள்விப்படறேன்" என்றார்.

நாகபூஷணம் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். "இந்த நம்பர் சும்மா பொறக்காது. ஆதார் ஓ.டி.பி. கேக்கும். அந்தம்மா செல்லுக்கே போயிருக்குது. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, காலைல 11.52. அவங்க சொல்லாம எப்படி?"

ஹன்னா அந்தத் தேதியையும் நேரத்தையும் கையில் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் வாய் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை பத்து மணியிலருந்து ஒரு மணி வரைக்கும் எங்க சர்ச்சுல உபவாச ஜெபம். உள்ள போறப்போ எல்லாரும் செல்போன ஒரு மூங்கில் கூடையில போட்டுடணும். மேல வெள்ளத் துணி போட்டு, ஆராதனை சாமான் வெக்கிற ரூம்ல வெச்சிடுவாங்க."

"போன் பூட்டியிருக்குமே மேடம்."

"ஓ.டி.பி. வந்தா பூட்டுக்கு மேலயே தெரியும். தொறக்கவே வேணாம்."

மணிவேல் விசில் அடித்தார். "ஆண்டவனுக்கு முன்னாடி கண்ண மூடிக்கினு இருக்கிறப்போ, பின்னாடி ஒருத்தன் கண்ணத் தொறந்துக்கினு இருந்திருக்கான். அந்த ரூம்ல யாரு இருப்பாங்க?"

"ஸ்டீவன். சபைச் செயலாளர். மைக் செட்டு அங்கதான்."

அதைச் சொல்லும்போதே ஹன்னாவுக்குக் கசந்தது. ஸ்டீவனுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள் அவள்தான். அதைவிடப் பெரிய கசப்பு நர்சம்மாவுக்கு நடந்தது. ஹன்னாவின் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி ஆறு மாசம், ஒரு நாள் தவறாமல் வந்து தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, பாட்டுப் பாடித் தூங்கவைத்தவர் கிருபாவதி. ஒரு பைசா வாங்கவில்லை. அப்படிப்பட்டவரை ஒருவன் முப்பத்தாறு லட்சத்துக்கு விற்றிருக்கிறான், அதுவும் சொந்தச் சபைக்குள்ளிருந்து. 

நோட்டீஸில் இருந்த விலாசம் ரேணிகுண்டா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. கதவு எண் சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது மொட்டைத் தலைகளுக்குத் தொப்பி விற்கும் எட்டடிக் கடை.

"ரெண்டு கோடிக்கு இரும்ப இதுக்குள்ள வெச்சிருந்தா, தொப்பியெல்லாம் இந்நேரம் ஹெல்மெட் ஆயிருக்கும் மேடம்" என்றார் மணிவேல்.

கடைக்காரர் கங்கையாவுக்கு ஐம்பது வயசு. வந்தவர்கள் தொப்பி வாங்க வரவில்லை என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போனது.

"ஜி.எஸ்.டி.யா? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணேம்மா. ஓட்டல்ல சாப்ட்டு எழுந்தா பில்லுக்கு அடியில ரெண்டு வரில போடுவாங்களே, அதி."

"அதேதான் அண்ணா" என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் மணிவேல். "சரக்கு, சேவை ரெண்டுக்குமான வரி. நீங்க நூறு ரூபாய்க்கு தொப்பி வாங்கறீங்க, அஞ்சு ரூபா வரி குடுக்கறீங்க. அத எரநூறுக்கு விக்கறீங்க, பத்து ரூபா வரி வாங்கறீங்க. கவர்மெண்டுக்குப் பத்தும் கட்ட வேணாம். மொதல்ல குடுத்த அஞ்சக் கழிச்சுக்கினு மீதி அஞ்சு கட்டினா போதும். இப்போ தொப்பியே வாங்காம, வாங்கினா மாதிரி பில்லு மட்டும் கெடச்சா?"

"கட்டாத அஞ்சக் கழிச்சுக்கலாம்" என்றார் கங்கையா பளிச்சென்று.

"பாத்தீங்களா மேடம்! அரை நிமிஷத்துல புரிஞ்சுக்கினாரு. இவர வெளிய விட்டா நாட்டுக்கு ஆபத்து." மணிவேல் தொடையைத் தட்டினார். "அந்த மாதிரி பில்லு விக்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. அவனுக்கு ஒரு கடைப் பேரு வேணும், ஒரு நம்பரு வேணும், கடசியில மாட்டிக்க ஒரு அப்பாவி வேணும். கடை உங்களுது. அப்பாவி எங்க நர்சம்மா."

கங்கையா நடுங்கிப்போய் எல்லாவற்றையும் கொட்டினார். ரமணா என்று ஒரு ஆள். ஜி.எஸ்.டி. நம்பர் எடுத்துத் தருவதுதான் தொழில் என்று சொன்னான். ஒரு நாள் "கிருபா டிரேடர்ஸ்" என்று எழுதின பலகையைக் கொண்டுவந்து கடை வாசலில் மாட்டினான், போட்டோ எடுத்தான், கழற்றிவிட்டான். எல்லாம் பத்து நிமிஷம். இரண்டு மாசம் கழித்து வரி ஆபீஸிலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள் என்று, அதே பலகையில் நம்பரும் எழுதிக் கொண்டுவந்து மாட்டினான். வந்தவர்கள் போனதும் அவனும் போனான். பலகையை எடுக்கத் திரும்பி வரவே இல்லை. போனும் எடுப்பதில்லை.

"பலகை எங்க?" என்றாள் ஹன்னா.

கங்கையா கைகாட்டினார். அவள் மூக்குக்கு நேரே, சுவரில் சாய்ந்து நின்றது, வரிசை வரிசையாகத் தொப்பி மாட்டியபடி. தேக்குப் பலகை. குறுக்கே நாலு வரிசை மரச் சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் அட்டை செருகும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கங்கையா தொப்பிகளைச் செருகி வைத்திருந்தார்.

ஹன்னா தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். மேல் விளிம்பில் "பாமாலை" என்ற எழுத்துகளை யாரோ உளியால் சுரண்டியிருந்தார்கள். சுரண்டினவனுக்கு அவசரம். லகரமும் ஐகாரமும் இன்னும் தெரிந்தன.

"என்னா மேடம் இது?"

"எங்க சர்ச்சுப் பலகை" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இன்னைக்கு பாமாலைப் புஸ்தகத்துல எந்தெந்தப் பாட்டுப் பாடப் போறோம்னு நம்பர் அட்டைய இதுல செருகி வெப்பாங்க. சின்னப் புள்ளையிலருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதப் பாத்துக்கினேதான் உக்காந்திருப்பேன். நாலு வருஷம் முன்னாடி டி.வி. மாட்டினப்போ கழட்டிட்டாங்க."

"பாட்டு நம்பருக்கு இருந்த பலகையில வரி நம்பரா! மரம் வாங்கக் கூட காசு செலவு பண்ணல பாருங்க. கஞ்சப் பய."

பலகையைத் திருப்பினார்கள். பின்பக்கம் நீலப் பெயிண்டில் கடைப் பெயர், அதன் கீழே பதினைந்து எழுத்துள்ள நம்பர். முதல் இரண்டு 37. அது ஆந்திரா. நகரியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கால் வைத்தால் 33. அடுத்த பத்து எழுத்தும் நர்சம்மாவின் பான் கார்டு நம்பர் அப்படியே. எழுத்து அச்சடித்த மாதிரி அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்தபோது ஹன்னாவுக்குள் ஏதோ உறுத்தியது. அது என்னவென்று யோசிக்க அவள் விரும்பவில்லை.

"போட்டோ எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விட்டாள்.

சந்திரகிரி தாண்டும்வரை மணிவேல் ஒருவர்தான் பேசினார். ஸ்டீவனை எப்படி மடக்கலாம் என்று நாலு திட்டம் சொன்னார். நாலிலும் ஸ்டீவன் அழுது காலில் விழுவதாக இருந்தது. ஹன்னா வெறுமனே உம் கொட்டினாள். ஸ்டீவனாகவே இருக்கட்டும் என்று அவள் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவன் திருடனாக இருக்க வேண்டும் என்று அவள் இதற்கு முன் ஆசைப்பட்டதே இல்லை.

சித்தூரில் ஸ்டீவனின் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடை. ஏதோ கல்யாண பேனரை மடித்துக்கொண்டிருந்தவன் ஹன்னாவைக் கண்டதும் சிரித்தான். "வாக்கா, காபி சொல்லட்டா?"

"பாமாலைப் பலகை எங்கடா?"

"எந்தப் பலக?"

"நடிக்காத. வெள்ளிக்கிழமை செல்போன் கூடையப் பாத்துக்கிறது நீ. அந்த ரூம் சாவி உங்கிட்ட. பலகையும் அந்த ரூம்லதான் இருந்துச்சு. நர்சம்மா உனக்கு என்னாடா பாவம் பண்ணாங்க?"

ஸ்டீவனின் சிரிப்பு அணைந்தது. விஷயம் முழுவதையும் மணிவேல்தான் எடுத்துச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவன் கோபப்படவில்லை. அதுதான் ஹன்னாவைக் குத்தியது.

"என்னியா சந்தேகப்பட்ட நீ? எனக்கு ஜெபம் பண்ணக் கத்துக்குடுத்தவ நீதானேக்கா?" என்றான். பிறகு செல்போனை எடுத்துத் தள்ளித் தள்ளி ஒரு படத்தில் நிறுத்தினான். "தேதியப் பாரு. அந்த வெள்ளிக்கிழமை சூளூர்பேட்டையில என் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். காலைல ஆறு மணி ரயிலுக்கே போயிட்டேன். நானூறு பேரு சாட்சி."

படத்தில் பட்டு வேட்டியில் ஸ்டீவன் இருந்தான். அதே தேதி, பதினொன்றரை மணி.

"அப்போ அன்னிக்கு கூடைய யாரு பாத்துக்கினா?" என்று கேட்டார் மணிவேல்.

ஸ்டீவன் தலையைக் குனிந்துகொண்டான். மணிவேல் பலகையின் போட்டோவை அவன் முன்னால் நீட்டினார். அவன் அதைப் பெரிதாக்கி நம்பரைப் பார்த்தான்.

"அண்ணே, இந்த முப்பத்தேழுல ஏழப் பாருங்க. இடுப்புல ஒரு குறுக்குக் கோடு. பாட்டு நம்பர் அட்டையில பதினேழு, இருவத்தேழு எல்லாமே இப்படித்தான் இருக்கும். ஒண்ணுன்னு நெனச்சுப் பாட்ட மாத்திப் பாடிடக் கூடாதுன்னு கோடு போடுவாரு. எங்க சபையில ஏழுக்குக் கோடு போடுற ஆளு ஒருத்தர்தான்." அவன் ஹன்னாவைப் பார்க்கவில்லை. "டி.வி. மாட்டினப்போ, 'எங் கையால எழுதின பலக, எனக்கே குடுத்துடுப்பா'ன்னு கேட்டாரு. நான்தான் ஆட்டோல ஏத்தி விட்டேன். அன்னிக்கு சாவியும் அவர்கிட்டதான் குடுத்துட்டுப் போனேன். உனக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். காலையில் அந்த 37ஐப் பார்த்த உடனேயே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் சந்திரகிரியும் தாண்டி, ஸ்டீவன் கடை வரைக்கும் வர வேண்டியிருந்தது.

மணிவேல் அந்தப் போட்டோவை ஹன்னாவின் போனுக்கு அனுப்பினார்.

ஹன்னாவின் வீட்டு முன்னறையில் அவள் அப்பா பிரகாசம் மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் டிராயிங் மாஸ்டர். சபையில் யாருக்கு எந்த ஃபாரம் நிரப்ப வேண்டுமானாலும் இவரிடம்தான் வருவார்கள். ஆதார், பான், போட்டோ எல்லாவற்றையும் இவர் மேஜையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். நர்சம்மாவும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார்.

மணிவேல் வாசலிலேயே நின்றுவிட்டார். ஹன்னா செல்போனில் இருந்த படத்தைப் பேப்பர் மேல் வைத்தாள்.

மாஸ்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "பெயிண்ட் நல்லா நின்னிருக்கு" என்றார்.

"நைனா!"

"கத்தாத. ஒரு நம்பருதானே? ஊர்ல இருக்கிற எல்லாக் கடை வாசல்லயும் எழுதி வெச்சிருக்கிறாங்க. ரமணா வந்து, ஒரு ஜி.எஸ்.டி. நம்பர் வேணும் மாஸ்டர், பேருக்குத்தான்னு சொன்னான். சபைக்குத் தேக்குல புதுசா பிரசங்க பீடம் செஞ்சு தரேன்னான். கீழ பித்தளத் தகட்டுல என் பேரு போடறேன்னான்." அவர் குரல் உயர்ந்தது. "முப்பது வருஷம் அந்தப் பலகைக்கு நம்பர் எழுதினேன். ஒரு டி.வி. வந்ததும் என்னிய ஒரு வார்த்த கேட்டாங்களா? பேரு நிக்கணும்னு ஆசப்பட்டது தப்பா? அந்த நம்பருக்குப் பின்னாடி இவ்ளோ இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு கணம் ஹன்னா நம்பிவிட ஆசைப்பட்டாள். ஜி.எஸ்.டி. நம்பர் என்றால் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அப்பாவும் அந்தப் பாதியில் ஒருவராக இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் பதினைந்து வருஷம் கேட்டுப் பழகிய கேள்வி அவளை விடவில்லை.

"வெறும் நம்பருன்னா, உங்க பான் கார்டுலயே எடுத்திருக்கலாமே நைனா? உங்க போன்லயே ஓ.டி.பி. பாத்திருக்கலாமே. ஏன் நர்சம்மாது?"

மாஸ்டர் பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார்.

"எனக்கு பென்ஷன் வருது இல்ல?" என்றார். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அறையில் மின்விசிறி சுற்றியது. ஹன்னாவுக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முன்னால் அவமானம் வந்துவிட்டது. இதே அறையில், இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான், நர்சம்மா அம்மாவின் முதுகைத் துடைப்பதை இந்த மனிதர் ஆறு மாசம் பார்த்தார். ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. தெரிந்து, அந்த ஆபத்தை எடுத்து நர்சம்மாவின் மடியில் வைத்திருக்கிறார்.

மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாள்களையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நடந்தத எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காலைல பதினோரு மணிக்குள்ள திருப்பதியில குடுக்கணும்."

"எம் மேலயா? சொந்த நைனா மேலயா?"

"ஆமா."

"கிருபா கேஸு கீஸுன்னு போறவ இல்ல ஹன்னா. அவகிட்ட நான் பேசிக்கிறேன். பக்குவமா சொன்னா கேட்டுக்குவா."

அந்த நேரம் பார்த்து ஹன்னாவின் போன் அடித்தது. கிருபாவதிதான். ஹன்னா ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

"ஸ்தோத்திரம்மா. எதனா தெரிஞ்சுதா? காலைலருந்து ஒரு வாய் துன்ன முடியல எனக்கு. வீட்ட எழுதிக்கினு போயிடுவாங்களா?"

ஹன்னா அப்பாவைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க நைனா."

மாஸ்டர் போன் பக்கம் குனிந்தார். உதடு அசைந்தது. "ஹன்னா சொல்லுவா கிருபா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன் என்று சொன்ன மனிதர் இவர்தான். ஹன்னா மூச்சை இழுத்துவிட்டாள். "நர்சம்மா, உங்க பேர்ல அந்தக் கடைய வெக்கறதுக்கு உங்க பேப்பரையும் ஓ.டி.பி.யையும் குடுத்தது என் நைனாதான். ஒத்துக்கினாரு."

மறுமுனையில் தூரத்தில் ஏதோ பிரஷர் குக்கர் கூவியது. பிறகு நர்சம்மாவின் குரல் வந்தது, அவசரமாக, கெஞ்சுகிற மாதிரி.

"இல்லம்மா. மாஸ்டரு அப்பிடி செய்ய மாட்டாரு. உங்க அம்மா சாவறப்போ எங் கையப் புடிச்சிக்கினு, நீ எனக்குத் தங்கச்சி கிருபான்னு அழுதவரும்மா அவரு. நீ அவசரப்பட்டுட்ட. வேற ஆளு இருப்பாங்க. இன்னும் கொஞ்சம் நல்லாத் தேடிப் பாரு தாயி."

பிரகாசம் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் வெட்கத்தைத் தேடினாள் ஹன்னா. அங்கே இருந்தது நிம்மதி.

"பாத்தியா" என்றார் மகளிடம், போனில் கேட்டுவிடாதபடி மெதுவாக. "அவளே சொல்றா."

ஹன்னா அவர் முன்னால் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"வேற ஆளு இல்ல நர்சம்மா. காலைல ஏழு மணிக்கு நான் வந்து உங்கள கூட்டிக்கினு போறேன். இப்போ போய் ரெண்டு வாயாவது துன்னுங்க."

போனை அணைத்துவிட்டு, தாளின் முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதினாள்.